அடுப்புக்கு அடியில் அடித்த மணி

எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? மாட்டுக் கொம்பின் ஒரு முனையைத் தரையிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் குனிந்திருந்த சுனில்டாவுக்குள் ஓடியது அந்த ஒரே நினைப்புதான். கொம்புக்குள் காற்று இரைந்தது. தன் ரத்தம் துடிப்பது கேட்டது. மணியோசையைத் தவிர மற்ற எல்லாமே கேட்டது.

நிமிர்ந்தாள். அவள் முற்றத்தில் நாற்பது முகங்கள் காத்திருந்தன.

"ஒன்பது," என்றாள்.

யாரும் அவளை மிரட்டவில்லை. சொல் தானாகவே வழுக்கி வந்துவிட்டது. நாற்பது முகங்களும் மலர்ந்தன. அந்த மலர்ச்சி இதமாக இருந்தது. அதுதான் வெட்கக்கேடு.

பழைய பெரும்போரில் ஓடியவர்கள் புதைத்துவிட்டுப் போன தங்கம் எங்கே கிடக்கிறது என்று தெரியாத ஆள் பராகுவேயில் கிடையாது. தோண்டி எடுத்த ஆள்தான் கிடையாது. தலையில்லாத வெள்ளை நாய் ஒன்று அதைக் காவல் காக்கிறதாம். தலையில்லாமல் அது எப்படிக் குரைக்கும் என்று யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட ஊருக்குள்தான் போன வாரம் தோன் காசியானோ மாட்டு வண்டியோடு வந்து இறங்கினார். இங்கே தங்கத்தோடு ஒரு வெள்ளி மணியும் புதைந்திருக்கிறது, மனசு சுத்தமானவர்களுக்கு அதன் ஓசை கேட்கும் என்றார். ஒருவர் சந்தேகப்பட்டாலும் தங்கம் கரியாகிவிடுமாம். ரொம்ப வசதியான தங்கம்.

அன்றிலிருந்து கொம்பு சுற்றத் தொடங்கியது. வெயிலுக்குத் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரே கொம்புக் குவளை கைமாறிச் சுற்றுமே, அதே முறை. ஊற்றுகிறவர் முதலில், அப்புறம் அவருக்கு வலப்பக்கம். தோன் காசியானோ முதலில் கேட்டு எண்ணிக்கை சொல்வார். திங்கட்கிழமை மணி நான்கு முறை அடித்தது, ஊருக்கே நான்கு. செவ்வாய்க்கிழமை ஏழு, ஊருக்கே ஏழு. இரண்டு காதும் செவிடான அனஸ்தாசியோவுக்குக்கூட, பக்கத்து ஆள் விரல்களை விரித்துக் காட்டியதும், துல்லியமாகக் கேட்டது. மணிக்குக் காணிக்கையாகக் கோழிகளும் பாலாடைக்கட்டியும் வண்டியில் ஏறிக்கொண்டே இருந்தன.

இன்று அவர் சொன்னது ஒன்பது. சுற்று முடிந்ததும் தோன் காசியானோ எழுந்து, கடப்பாரையால் சுனில்டாவின் அடுப்பைக் காட்டினார். ஓசை அதன் அடியிலிருந்துதான் வருகிறது, இடித்துவிட்டுத் தோண்ட வேண்டும் என்றார்.

கவிழ்த்த பானை போல் களிமண்ணில் எழுப்பிய அடுப்பு. புவெனோஸ் அயர்ஸுக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பாத இந்த ஆறு வருடமும் அதில் மரவள்ளி மாவு ரொட்டி சுட்டு, பேருந்து நிற்கும் இடத்தில் விற்றுத்தான் அவளும் மகளும் சாப்பிடுகிறார்கள். ஒன்பது என்று சொன்ன வாயால் இப்போது எப்படி மறுப்பது? அவள் முகங்களைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள்: ஒருவர்கூடத் தரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் பக்கத்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளைப் போலவே.

"இடிங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி இன்னொரு சுத்து. யாரும் வாயத் திறக்கக் கூடாது. எத்தனை தடவை அடிச்சுதோ அத்தனை கோடு உள்ளங்கையில கரியால போட்டு மூடிக்குங்க. ஐயாவும்தான்."

மணிக்குக் கோபம் வரும் என்றார் தோன் காசியானோ. அதற்குள் பக்கத்து வீட்டு பிளாசிதா அடுப்பிலிருந்து கரியை அள்ளிக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். ஊரிலேயே நல்ல காது தனக்குத்தான் என்று அவளுக்கு நினைப்பு.

கொம்பு சத்தமில்லாமல் சுற்றியது. இத்தனை நாளில் அத்தனை பேரும் வியர்த்தது அப்போதுதான். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கை விரித்தார்கள். இரண்டு. பதினான்கு. ஐந்து. பிளாசிதாவின் கோடுகள் இடம் போதாமல் மணிக்கட்டு வரை ஏறியிருந்தன. அனஸ்தாசியோ யாராவது விரல் காட்டுவார்கள் என்று இன்னும் காத்திருந்தார். ஒருவன் பயத்தில் நாயை வரைந்திருந்தான். தலையை மட்டும் விட்டுவிட்டான்.

தோன் காசியானோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். பிளாசிதா இழுத்து விரித்தாள். ஒரு கோடும் இல்லை.

"எனக்கு ஜலதோஷம்," என்றார்.

கோழிகள் வண்டியிலிருந்து இறங்கின. தோன் காசியானோ ஏறிக்கொண்டு போனார். திட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை. வாளித் தண்ணீரில் வரிசையாகக் கரியைக் கழுவினார்கள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு பிளாசிதா வந்தாள்.

"நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரங்க லாரி பிடிச்சு வர்றாங்கடி. மணி அடிக்குதுன்னு நாமதானே பீத்திக்கிட்டோம்? இப்போ இல்லைன்னா காறித் துப்புவாங்க. ஒன்பதுன்னு ஒரே வார்த்தை, எல்லாரும் சொல்லப் போறோம். நீயும் சொல்லிடு."

சுனில்டா வாளியிலிருந்த கரித் தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள்.

"காலையில நீயும்தானே சொன்னே?"

"சொன்னேன். பொய்."

நாற்பது முகங்களும் மறுபடி மலரத் தயாராக இருந்தன. அந்த இதம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போதும் அது வேண்டும்போல்தான் இருந்தது.

"மாட்டேன் அக்கா," என்றாள் மெதுவாக. "நாப்பது பேர் சேர்ந்து சொன்னாலும் அது ஒரே பொய்தான். வர்றவங்க அவங்கவங்க காதால கேட்டுக்கட்டும்."