ஐந்து மணிக்குள் ஒரு கையெழுத்து

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. அதன் கூரைமேல் மெக்கானிக் குந்தியிருந்தார். உள்ளே, வங்கியின் கடன் அதிகாரி தனியாக வியர்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பதினோராவது தடவையாக மெக்கானிக்கின் போன் அடித்தது.

"சார், காலேஜ்ல இருந்து பேசறேன். உங்க பொண்ணு சீட்டை அஞ்சு மணி வரைக்கும்தான் பிடிச்சு வைக்க முடியும்."

அதே பெண். தேன் சொட்டும் குரல். கண்ணாடிக் கட்டடம், குளுகுளு வகுப்பறை, படித்து முடித்த அன்றே வேலை என்று ஒரு மாதமாக அவர் காதில் ஓதிக்கொண்டிருப்பவள். கட்டணம்தான் கொஞ்சம் இடித்தது. அவருடைய ஒன்பது வருஷச் சம்பளம்.

இன்னொரு பக்கம் அரசுக் கல்லூரி. பெயின்ட் உரிந்த சுவர், பாதி ஓடும் மின்விசிறி. கையிலிருக்கும் சேமிப்பே கட்டணத்துக்குப் போதும். மனைவியும் மகளும் அங்கேதான் வரிசையில் நின்றுகொண்டு, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுமா என்று காத்திருந்தார்கள். ஆனால் அங்கே படித்தால் வேலை நிச்சயம் என்று யாரும் போன் பண்ணிச் சொல்லவில்லையே.

"ஃபீஸ் ரொம்ப ஜாஸ்திம்மா," என்றார்.

"பத்து பர்சன்ட் குறைச்சுடறேன் சார். ஹாஸ்டல்ல சேர்த்தா."

"எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா உங்க காலேஜ் தெரியும்மா. ஹாஸ்டல் எதுக்கு?"

"டிஸ்கவுன்டுக்கு சார்."

மனக்கணக்குப் போட்டார். தள்ளுபடி போக, ஹாஸ்டலும் சேர்ந்து பத்தரை வருஷச் சம்பளம் ஆகியிருந்தது.

காலடியில் தட்டும் சத்தம். "நான் லோன் தர்றேன்பா. முதல்ல கதவைத் திற," என்றார், போன் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த கடன் அதிகாரி.

"நெஜமாவா சார்?"

"இப்ப இருக்கற நெலமையில நீ எது கேட்டாலும் தருவேன்."

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. "ஒரே ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும் வேணும்."

ஜாமீனுக்கு மெக்கானிக் தன் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். அவன் கட்டட கான்ட்ராக்டர்.

"அதுக்கென்ன மாமா, போட்டுட்டாப் போச்சு. ஆனா பாப்பா சிவில்தான் எடுக்கணும். என் சைட்டைப் பார்த்துக்க வீட்டு ஆளா ஒரு இன்ஜினியர் இருந்தா நல்லது. சம்பளம் கிம்பளம்னு வாயைத் திறக்க மாட்டா பாருங்க."

மகள் கேட்டிருந்தது கம்ப்யூட்டர். மெக்கானிக் மறுபடி கல்லூரிக்குப் போன் போட்டார்.

"தாராளமா மாத்தலாம் சார். மாத்தறதுக்குத் தனி ஃபீஸ்."

பதினொன்றே கால் வருஷம்.

இப்போது மகள் கூப்பிட்டாள். "அப்பா, எனக்கு முன்னாடி மூணு பேர்தான் இருக்காங்க. கட்டிடவா? ரெண்டு எடத்துலயும் ஒரே பாடம்தான்ப்பா."

"பாடம் சரி. வேலை யாரு தருவா?"

"நான் தேடிக்கறேன்."

பதினேழு வயதில் அவரும் இதையேதான் சொன்னார். தேடிக் கிடைத்தது இந்தக் கூரை. கூடவே நகக்கண்ணை விட்டுப் போகாத கிரீஸ்.

"கொஞ்சம் இரு கண்ணு. பின்னாடி நிக்கறவங்களை முன்னாடி விடு," என்று வைத்தார்.

கடன் அதிகாரி சாப்பாட்டை மறந்தாலும் விண்ணப்பத்தை மறக்காதவர். கூரையில் இருந்த இடுக்கு வழியாகப் பதிமூன்று பக்கங்கள் சுருளாக மேலே வந்தன. பின்னாலேயே பேனாவும்.

"போட்டுட்டுத் திறப்பியா, திறந்துட்டுப் போடுவியா?"

"போட்டுட்டே திறக்கறேன் சார்."

முதல் பக்கத்தில் பெருவிரல் கிரீஸ் பதிந்தது. பேனா மட்டும் நகர மறுத்தது. பதினொன்றே கால் வருஷத்தைக் கொடுக்கிற மனிதன் ஒரு கேள்வி கேட்டால் தப்பில்லை என்று தோன்றியது. கடைசியாக ஒருமுறை அந்தத் தேன் குரலைக் கூப்பிட்டார்.

"கையெழுத்துப் போடப்போறேன்ம்மா. அதுக்கு முன்னாடி, அங்க படிச்சு வேலைக்குப் போன யார்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசணும். ஒரு நம்பர் கெடைக்குமா?"

"நம்பர் எதுக்கு சார், எந்த டிபார்ட்மென்ட் வேணும்னு சொல்லுங்க, போனைக் குடுக்கறேன், எங்க பேட்ச் மொத்தமும் இந்த ரூம்லதான் உக்காந்து உங்களை மாதிரி அப்பாக்கள்கிட்ட பேசிட்டு இருக்கோம்."