லேப்டாப்புக்குப் போர்த்திய பொன்னாடை

குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது என்பது எங்கள் பீர்க்கன்கரணையில் குழந்தை சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் விஷயம். என்னைச் சேர்த்ததும் அப்படித்தான். அப்பா வார்டு கவுன்சிலரைப் பிடித்தார், அவர் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னார், எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நானானேன். (அந்தப் பள்ளியில் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது, யார் போயிருந்தாலும் சேர்த்திருப்பார்கள். அப்பாவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.)

அப்பா கைநாட்டு. ஜல்லி, மணல், செங்கல் வியாபாரம். அம்மாவுக்குப் பஸ் நம்பர் மட்டும் படிக்கத் தெரியும். ஆகவே நான் பி.காம். முடித்துத் தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்ததும், வீட்டின் கல்வி அமைச்சர் பதவி தானாக வந்து சேர்ந்தது. கரண்ட் பில்லிலிருந்து இருமல் மருந்து வரை நான் படித்துச் சொன்னால்தான் செல்லும். இதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. (கொஞ்சம் என்பது என் கணக்கு.)

என் கணவர் செந்தில் தோஹாவில் பொறியாளர். அவர் கிளம்பும்போது எங்கள் மகள் யாழினி மழலை பேசிக்கொண்டிருந்தாள். இப்போது ஐந்து வயது. அப்பா என்பவர் போனுக்குள் வசிக்கும் ஒருவர் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவழியாகக் கம்பெனி குடும்ப விசா தருவதாகச் சொன்னது. ஆனால் அங்கிருந்த இந்தியப் பள்ளிகள் எல்லாம் நிரம்பிவிட்டன.

"ஸ்கூல் சீட் கையில இல்லாம உங்களைக் கூட்டிட்டு வந்து என்ன பண்றது, பிரேமா? இல்லைன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் செந்தில்.

அடுத்த வருஷமாம். அதையே போன வருஷமும் கேட்டிருந்தேன்.

மிச்சமிருந்தவை இரண்டு பிரிட்டிஷ் பள்ளிகள். செந்தில் வீடியோ அனுப்பினார். முதல் பள்ளியில் பிள்ளைகள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மண்ணில் குதித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுப்பாடம் கிடையாதாம். மண்ணில் விளையாடுவதற்கு எதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டும், எங்கப்பா கடையில் ஆற்று மணல், எம்சாண்ட் என்று ரகம் ரகமாகக் கிடக்கிறதே என்று அதை அங்கேயே நிராகரித்தேன். இரண்டாவது பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகள் கோட்டுப் போட்டு டை கட்டியிருந்தார்கள். சிங்கம் போட்ட சின்னம் வேறு. படிப்பு என்றால் இது என்று முடிவு செய்தேன். கல்வி அமைச்சர் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது டையைப் பார்த்து.

அந்தப் பள்ளியில் ஒரே ஓர் இடம் இருந்தது. தலைமையாசிரியை வீடியோவில் குழந்தையோடு பேசிப் பார்ப்பாராம். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. யாழினியைப் பிடித்து உட்கார வைத்தேன். பெயர், பிடித்த நிறம், பிடித்த புத்தகம், வளர்ந்து என்ன ஆவாய் என எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்து ஒப்பிக்க வைத்தேன். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதுகூடக் குழந்தை "ஐ லைக் ரீடிங்" என்றது. எனக்கோ சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பதற்றத்தில் ஒருநாள் அப்பாவிடம் வாய்விட்டுச் சொன்னேன்: "நம்ம ஊரா இருந்தா யாரையாவது புடிச்சு ஒரு வார்த்தை சொல்லி வெக்கலாம். அங்க யாருப்பா நமக்கு இருக்காங்க?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எங்கோ லோடு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது தோன்றவில்லை.

குறித்த நாளில் ஹாலை ஒழுங்குபடுத்தினேன். சுவரில் இருந்த சிமென்ட் கம்பெனி காலண்டரைக் கழற்றினேன். பக்கத்து வீட்டிலிருந்து ஓர் உலக உருண்டையைக் கடன் வாங்கி வந்து லேப்டாப்புக்குப் பின்னால் வைத்தேன். (கேமராவுக்குப் பின்னால் வைத்த பொருள் யாருக்கும் தெரியாது என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது.)

திரையில் நரைத்த முடியோடு, சாந்தமான முகத்தோடு தலைமையாசிரியை வந்தார்.

"உனக்கு என்ன செய்யப் பிடிக்கும், யாழினி?"

"ஐ லைக் ரீடிங்."

"அருமை. என்ன புத்தகம்?"

யாழினி என்னைப் பார்த்தாள். புத்தகத்தின் பெயர் மறந்துவிட்டது. நான் பெயரைச் சொன்னேன். கதையையும் சொன்னேன். கதையின் நீதியையும் சொன்னேன்.

"நன்றி. குழந்தையே சொல்லட்டுமே" என்று அவர் சிரித்தார். அடுத்து, இந்த வாரம் என்ன விளையாடினாய் என்று கேட்டார். இது நான் தயாரிக்காத கேள்வி. "ஷி இஸ் வெரி குட் இன் கேரம்" என்றேன். எங்கள் வீட்டில் கேரம் போர்டே கிடையாது.

அப்போதுதான் வாசலில் பைக்குகள் வந்து நின்றன.

முதலில் அப்பா. பின்னால் வெள்ளைச் சட்டையில், அன்று என்னைப் பள்ளியில் சேர்த்துவிட்ட அதே கவுன்சிலர் அண்ணன். (பதவி போய்ப் பல வருஷமாகிறது. ஏரியாவில் இன்னும் அவர்தான் கவுன்சிலர்.) அவருக்குப் பின்னால் மூன்று பேர்.

"இன்னாம்மா, ஆரம்பிச்சிட்டீங்களா? ரயில்வே கேட்டாண்ட மாட்டிக்கினோம்" என்றார் அவர்.

"அப்பா, இன்டர்வியூ நடந்துட்டு இருக்கு" என்று பல்லைக் கடித்தேன்.

"அதுக்குத்தான்மா இட்டாந்தேன். நீதானே சொன்ன, சொல்லி வெக்க ஆளு இல்லன்னு" என்றார் அப்பா.

கவுன்சிலர் அண்ணன் யாழினிக்கும் கேமராவுக்கும் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்து திரையைக் கும்பிட்டார். "வணக்கம் மேடம். பாப்பா நம்ம ஏரியா கொழந்த. கொஞ்சம் பாத்து செய்ங்க." என் பக்கம் திரும்பி, "இங்கிலீஸ்ல சொல்லும்மா" என்றார்.

"இவர் எங்கள் பகுதிப் பெரியவர். உங்களுக்குக் காலை வணக்கம் சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

"மிக்க மகிழ்ச்சி" என்றார் தலைமையாசிரியை.

"இன்னா சொல்றாங்க? ஒத்துக்கினாங்களா?"

"மகிழ்ச்சின்னாங்க அண்ணா."

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஸ்கூலாண்ட ரோடு, தண்ணி, தெருவெளக்கு எதுனா பிரச்சன கீதான்னு கேளு. நம்ம பேசி முடிச்சிடலாம்." தோஹாவின் தெருவிளக்கைப் பீர்க்கன்கரணையிலிருந்து எரிய வைக்கத் தயாராக இருந்தவரிடம் நான் என்ன சொல்ல? "உங்கள் பள்ளி அழகாக இருக்கிறது என்கிறார்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் மரியாதை என்றால் அது வாயோடு நிற்காது. பின்னால் நின்றவர் ஒரு கவரைப் பிரித்தார். சரிகைக் கரை போட்ட மயில்நீலப் பொன்னாடை. கவுன்சிலர் அண்ணன் எழுந்து அதை உதறி விரித்தார். போர்த்துவதற்குத் தோளைத் தேடினார். தோள் தோஹாவில் இருந்தது. ஒரு கணம்தான் தயங்கினார், பிறகு பொன்னாடையை லேப்டாப்பின் மேல் பக்தியோடு போர்த்தினார். மூன்று பேரும் கை தட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

பொன்னாடைக்குள்ளிருந்து "ஹலோ? ஹலோ?" என்று குரல் வந்தது.

எனக்கு ஒரு வருஷம் கண் முன்னால் போய்விட்டது. விசா, செந்தில், எல்லாம். பொன்னாடையை இழுக்கப் போனேன். "எடுக்காதம்மா, போத்துனத ஒடனே எடுத்தா மரியாத இல்ல" என்று கையைப் பிடித்தார் அண்ணன். அம்மா அதே நேரம் காபித் தட்டோடு வந்து வழியை அடைத்தாள். அந்தக் களேபரத்தில் யாழினி துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

உள்ளே பேச்சு கேட்டது. நான் சொல்லிக் கொடுக்காத பேச்சு.

"திஸ் இஸ் மை டென்ட். யூ ஆர் ஆல்சோ இன் டென்ட்."

தலைமையாசிரியை சிரித்தார். அவர் ஏதோ கேட்டார்.

"மை அப்பா இஸ் தேர், உங்க ஊர்ல. யூ ஸீ ஹிம், டோன்ட் டெல், ஓகே? என் பல்லு விழுந்துடுச்சு. டோன்ட் டெல். ஐ கம் அண்ட் ஷோ."

சொல்ல மாட்டேன் என்று தலைமையாசிரியை சத்தியம் செய்வது கேட்டது. ஹாலில் எல்லோரும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொன்னாடையைப் பார்த்தபடி நின்றோம். எனக்குத் தெரியாமல் என் மகளுக்கு ஓர் ஆசை இருந்திருக்கிறது. அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க எங்கே, பதிலை அல்லவா கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வந்த நாட்களில் நான் மெயிலைத் திறந்து திறந்து பார்த்ததில் போன் சூடாகிப் படுத்தது. கடைசியில் செந்தில்தான் கூப்பிட்டார். "சீட் கெடைச்சிடுச்சு. ஆனா அங்க என்ன பண்ணீங்க? கௌரவத்துக்கு நன்றின்னு எழுதியிருக்காங்க. இன்னொண்ணும் போட்டிருக்காங்க, குழந்தைக்குப் பதிலா அம்மா பதில் சொல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு."

"பாத்தியா, ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க" என்றார் அப்பா. அன்றிலிருந்து, வெளிநாட்டுப் பள்ளியில் இடம் வேண்டும் என்று பெருங்களத்தூரிலிருந்துகூடக் கவுன்சிலர் அண்ணனைத் தேடி ஆட்கள் வருகிறார்களாம். அவரும் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லையாம், ஆளுக்கொரு பொன்னாடை.

இப்போது நாங்கள் மூவரும் தோஹாவில் இருக்கிறோம். வீட்டுக்கு யாராவது வந்து யாழினியிடம் ஏதாவது கேட்க, பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தால், செந்தில் எழுந்து போய்க் கையில் அகப்பட்ட துண்டையோ துப்பட்டாவையோ எடுத்து வந்து என் தலையில் போர்த்துகிறார். வந்தவர்கள் திகைக்கிறார்கள். யாழினி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பிறகு பதில் சொல்கிறாள். நான் துணியை எடுப்பதில்லை. உள்ளே உட்கார்ந்து கேட்கிறேன். நான் தயாரித்து வைத்திருந்த பதிலைவிட அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.