கெடுபிடி சாரும் என் கல்யாணமும்

கெடுபிடி சார் என் விஷயத்தில் தடுக்கப் பார்த்தவை, வரிசைப்படி:

1. நானும் சேகரும் ஒரே ரயில் பெட்டியில் ஏறுவது.
2. நாங்கள் பேசிக்கொள்வது.
3. எங்கள் கல்யாணம்.

விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் பொழிச்சலூரில் அவரைப்போல் பிடிவாதக்காரர் கிடையாது. தலைக்கு மேல் விமானம் போனாலும் பேச்சை நிறுத்தமாட்டார். விமானம்தான் போய்த் தொலைய வேண்டும்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்து பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். கேள்வி ஒன்றுதான்: எண்பதுகளில் மத்திய வங்கி பணத்தை எப்போது இறுக்கிப் பிடித்தது, எப்போது தாராளமாக விட்டது? வட்டியைப் பார்த்தால் தெரியாது. அது வருடக்கணக்கில் அசையாது. மற்ற வங்கிகள் தன்னிடம் கட்டிவைக்க வேண்டிய பணத்தைக் கூட்டி, சத்தமில்லாமல் இறுக்கிவிடும். அதனால் சார் பழைய அறிவிப்புகளைப் படித்து மார்க் போட்டார். கடும் கெடுபிடிக்கு ப்ளஸ் இரண்டு, முழுத் தாராளத்துக்கு மைனஸ் இரண்டு. பெயர் அப்படி வந்ததுதான்.

"இது பேங்கோட போக்கு இல்லய்யா, உன்னோட மூடு" என்று அவருடைய கைடு திருப்பி அனுப்பிவிட்டார். ஆராய்ச்சிக்குக் கொடுத்த அவகாசமோ அந்த வருடத்தோடு முடிகிறது.

மூன்று பேர் தனித்தனியாகப் படித்து ஒரே மாதிரி மார்க் போட்டால் நம்பித்தானே ஆகவேண்டும்? சார் ஆள் பிடித்தார்: கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த நான், அதே ரயிலில் அதே கம்பெனிக்கு வரும் சேகர், இரும்புலியூர் கணக்கு டீச்சர் ஒருவர்.

"நீ லேடீஸ் பெட்டியிலேயே ஏறும்மா. அவன்கூடப் பேசினா என் தீசிஸ் போச்சு."

வாராவாரம் அறிவிப்புக் கட்டு வாங்க வந்த சேகருக்கு அம்மா காபி கொடுத்தாள். சில காபிகளுக்குப் பிறகு ஜாதகம் கேட்டாள். தையில் கல்யாணம் என்று பேச்சானது. சார் பதறிப்போனார்.

"அக்கா, தை வேணாம், சித்திரைக்குத் தள்ளுங்க. புருஷன் பொண்டாட்டின்னா ஒரே மார்க்தான் போடுவாங்கன்னு சொல்லிடுவாங்க!"

"எந்த வீட்டுல சார்? இவரும் நானும் இன்னிவரைக்கும் ஒரு சாம்பாருக்கு ஒத்துப்போனதில்ல" என்று அப்பாவைக் காட்டினாள் அம்மா.

நான் முடிவு சொன்னேன். கல்யாணம் தையில்தான். அதற்குள் மார்க் போட்டு முடிப்போம். முடியும்வரை சேகரோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

பேசவில்லை. சார்தான் தூது.

"புடவை அரக்கா, பச்சையான்னு கேக்கறான். வேற ஒண்ணும் இல்ல, நல்லா விசாரிச்சுட்டேன்."

"அரக்கு சார்."

"இவ்ளோ சீக்கிரமாவா? அவன்ட்ட பேசினியா?"

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அதையேதான் பிடித்துக்கொண்டார். "மூணு பேர்ல ரெண்டு பேர் புருஷன் பொண்டாட்டியாமே?"

"ஆமா சார். மார்க்குல ரெண்டு பேரும் முட்டிக்கிட்ட இடமெல்லாம் தனி அட்டவணையா போட்டிருக்கேன். பாருங்க."

சின்ன விஷயங்களில் இஷ்டத்துக்கு முட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் வட்டி அசையாத வருடங்களில்கூட எப்போது இறுக்கம் என்பதில் டீச்சர் உட்பட மூவரும் ஒரே பக்கம். தேர்வாளர் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

சார் இப்போது டாக்டர். வடக்கே ஒரு கல்லூரியில் வேலை. மாடி காலியாகத்தான் இருக்கிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம், ஆள் இருக்கிறார் என்று அம்மா சொல்லிவிடுகிறாள்.