அம்புரோஸின் தழும்பில்லாத வயிறு

"தழும்பே இல்லாத வயித்தை மேடையில எப்படிக் காட்டுறது, ஜெஸிந்தா?"

அம்புரோஸ் மூன்றாம் முறையாக விழா அழைப்புக் கடிதத்தை நீட்டினார். மனைவி தேநீரை ஆற்றிக்கொண்டே, "பெருமை அடிச்சது நீங்கதானே? நீங்களே காட்டுங்க" என்றாள்.

சிலோனிலிருந்து கப்பலேறிப் பந்தலூர் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து ஏழு வருஷமாகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததை யார் போய் விசாரிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் இங்கே ஆளுக்கொரு பெருமை வைத்திருந்தார்கள். அம்புரோஸுடையது குடல்வால் ஆபரேஷன். "பெரிய டாக்டர் கொர்னேலியஸ் முதமுதலாக் கத்தி வெச்சதே என் வயித்துலதான்!"

உண்மையில் அன்று அம்புரோஸ் ஆபரேஷன் மேசையிலிருந்து குதித்து ஓடிவிட்டார். வலியும் பயந்துபோய் அதோடு நின்றுவிட்டது.

"தழும்பு எங்க?" என்று ஒருவன் கேட்டபோது, "அவரு தையல் அப்படி. கோடுகூட விழாது" என்று சமாளித்தார். அந்தச் சமாளிப்பு பாதிரியார் காதுக்கு ஏறி, மலைக்குக் கீழே உள்ள மருத்துவக் கல்லூரிவரை இறங்கிவிட்டது. கொர்னேலியஸ் பெயரில் அறக்கட்டளை வைத்து, அங்கே அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்துகிறார்களாம். ஊட்டியில் விழா; டாக்டரே நேரில் வருகிறாராம். அந்த அதிசயத் தையலை மாணவர்கள் நேரில் பார்க்கவேண்டுமாம்.

குட்டு வெளிப்பட்டால் பந்தலூரில் தலைகாட்ட முடியாது. விழா மண்டபத்தில் கடைசி முயற்சியாக, "எனக்கு வயித்து வலிங்க, வீட்டுக்குப் போறேன்" என்றார் அம்புரோஸ்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆறு சர்ஜன்கள் ஓடிவந்து அவரைத் தூக்கி மேடையிலேயே படுக்கவைத்தார்கள்.

"இவர்தானே உங்க முதல் பேஷன்ட்?" என்று கல்லூரி முதல்வர் கேட்டார்.

கொர்னேலியஸ் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஆமா, ஆமா! இவரேதான். பிரமாதமான ஆபரேஷன்! சட்டையைத் தூக்காதீங்க, குளிர் ஆகாது!"

தமக்குப் போட்ட பொன்னாடையாலேயே அம்புரோஸைக் கழுத்துவரை போர்த்தி, அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அந்தக் குளிரிலும் டாக்டரின் கை வேர்த்திருந்தது. கூட்டம் கைதட்டியது.

அம்புரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. சிலோன் ஆஸ்பத்திரிக் காலத்திலிருந்தே டாக்டரிடம் உதவியாளாக இருக்கும் சங்கிலி வாசலில் நின்றிருந்தார். விழா முடிந்ததும் அவரிடம் மனம்விட்டுச் சொன்னார்.

"அண்ணே, அன்னிக்கு நான் முன்வாசல் வழியா ஓடிட்டேன். மனுசன் காட்டிக் குடுக்காம என் மானத்தைக் காப்பாத்திட்டாரே!"

சங்கிலி வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"அவரு எப்படிப்பா காட்டிக் குடுப்பாரு? நீ முன்வாசல்ல ஓடுறப்ப அவரு பின்வாசல்ல ஓடிட்டாரே!"