நான்கு கிலோவை விட்டு நகராத மெஷின்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாக இருப்பாய். போனில் பேசினால் குறுக்கே பேசுவாய் என்பதால் கடிதம்.

நீ வாங்கி அனுப்பிய எடை மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள். உன் பேத்திக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது. மூன்று வாரமாக அது அவளை நான்கு கிலோவுக்கு மேல் ஏறவிடவில்லை. நான் பார்ப்பதில் பிழை என்று சொல்லிவிடாதே. ஞாயிறுதோறும் பிள்ளையின் துணியைக் கழற்றி, தூக்கிக்கொண்டு நானே ஏறி நிற்கிறேன். அறுபத்தாறு காட்டும். என் எடை அறுபத்திரண்டைக் கழித்தால் நான்கு. கான்வென்ட்டில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கியவளுக்குக் கழித்தல் சொல்லித்தர வராதே. மெஷினோடு வந்த தாளில் துல்லியமானது என்று அச்சடித்திருக்கிறான். அவனைத்தான் முதலில் ஏற்றி நிறுத்த வேண்டும்.

நீயோ தினமும் போன் போட்டு, இங்கே என்னிடம் இருக்கும் உன் மகளைக் குடைகிறாய். "உனக்குப் பால் பத்தலைம்மா, டப்பாப் பால் குடு" என்கிறாயாம். பால் கொடுப்பது நீயா, அவளா? பிள்ளை உதட்டைச் சப்பினாலே எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறாள். நேற்று என்னிடம், "நான் என்ன அத்தை தப்பு பண்றேன்? நல்லாத்தானே குடிக்கிறா?" என்று அழுதாள். நான் கொடியில் காயும் பிள்ளைத் துணிகளை எண்ணினேன். ஒரே நாளில் ஒன்பது. இவ்வளவு நனைக்கிற பிள்ளைக்குப் பால் போதவில்லையாம்! இந்தக் கவலையில் எனக்கும் மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. கடைசியில், நாளையிலிருந்து டப்பாப் பால்தான் என்று நானே சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கும் நீதான் காரணம்.

மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டால் எல்லா நலமும் பெறுவாய்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சுகாதார நர்ஸ் வந்தாள். பிள்ளையைத் தன் தராசில் தனியாகப் படுக்கவைத்தாள். நான்கு கிலோ அறுநூறு. "நல்லா ஏறியிருக்கா. தாய்ப்பாலே போதும், வேற எதுவும் வேண்டாம்" என்றவள், என்னைப் பார்த்து, "இப்ப நீங்க மட்டும் உங்க மெஷின்ல ஏறுங்கம்மா" என்றாள். முதல் நாள் ஒரு தடவை ஏறியதோடு சரி. கௌரவமான பெண்மணி வாராவாரம் தன் எடையைப் பார்த்துக்கொண்டிருப்பாளா? ஏறினேன். அறுபத்தொன்று நானூறு. பிள்ளை ஏறிய அளவுக்கு நான் இறங்கியிருக்கிறேன்.

மெஷின் இங்கேயே இருக்கட்டும். உன் மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீயும் கேள். அவள் மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "இனிமே உங்களுக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அத்தை" என்று கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்துவிட்டாள். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள். ஒரு கையால் எழுதி, மறு கையால் கரண்டியைத் தடுத்துக்கொண்டிருக்கிறேன்.