சம்பந்தி போனுக்குப் போன என் இதயம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், மாசமாக இருக்கும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் நன்றியை எழுதியே சொல்லிவிடுகிறேன்.

இதயக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன அன்றே, பிரசவம் முடியும்வரை இது மகள் காதுக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். மனைவியிடம்கூட வாயுத் தொல்லை என்றே சொல்லி வைத்தேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் காகிதமே கிடையாதாம், எல்லாம் கம்ப்யூட்டரில்தானாம், ரிப்போர்ட்டைத் திறக்க வேண்டுமானால் பதிவு செய்த போனுக்கு ஓடிபி வருமாம். பதிவான போன் உங்களுடையது! போன வருஷம் எனக்குப் பல் பிடுங்கக் கூட்டிப் போன மகள், தன் போன் ரிப்பேரில் கிடந்ததால் உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். நான் கவுண்டரில் குதித்தேன்.

"என் ரிப்போர்ட்ட நான் பாக்கக் கூடாதா? சட்டம்னு ஒண்ணு இல்லையா?"

"சட்டம் இருக்கறதாலதான் சார் காட்ட மாட்டேங்கறோம். உங்க அந்தரங்கத்தக் காப்பாத்தணும்ல" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

யாரிடமிருந்து? என்னிடமிருந்து! நம்பரை மாற்றக் கேட்டால், அதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வருமாம்.

வேறு வழியில்லாமல் உங்களைக் கூப்பிட்டு, கரண்ட் பில் கட்டுகிறேன், ஒரு நம்பர் வரும், சொல்லுங்கள் என்று புளுகினேன். ஒரே மாதத்தில் எத்தனை கரண்ட் பில்! நீங்களும் ஒரு கேள்வி கேட்காமல் நிதானமாகப் படித்துச் சொன்னீர்கள். அந்தச் செய்தியின் தலையிலேயே 'இதயப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் இருந்ததும், நான் அங்கே சேர வேண்டிய தேதிகூட உங்களுக்கே வந்ததும் எனக்கு எப்படித் தெரியும்? வெளியூர்க் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்ட அன்று, கண் விழித்தால் கட்டிலருகே நீங்கள்!

"கரண்ட் ஆபீஸ்ல கூட்டம் ஜாஸ்தியான்னு பாக்க வந்தேன்" என்றீர்கள். இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. கூடப் பிறந்தவன்கூட இப்படி இருப்பானா? அந்த நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பயமே போனது.

இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லை. போன வாரம் நீங்கள் சொன்ன ஓடிபியை வைத்துப் பதிவை என் போனுக்கு மாற்றிவிட்டேன். ஒருவர் உடம்பு விஷயத்தை இன்னொருவர் படிப்பது தப்பு. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

பெரியவர்களுக்கு வணக்கம், வயிற்றிலிருக்கும் பேரப்பிள்ளைக்கு ஆசிகள்.

என்றும் நன்றியுள்ள,
உங்கள் சம்பந்தி

பி.கு.: அதே ஆஸ்பத்திரியில் அதே நம்பரில் இருந்த உங்கள் கணக்கும் சேர்ந்து என் போனுக்கு வந்துவிட்டது. பித்தப்பைக் கல்லை எடுக்கச் சொல்லியும் எத்தனை தடவை தள்ளிப் போட்டிருக்கிறீர்கள்! யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் பேரில் நானே ஒப்புக்கொண்டு திங்கட்கிழமைக்குத் தேதி வாங்கிவிட்டேன். காலையில் வெறும் வயிற்றோடு இருங்கள், வந்து கூட்டிப் போகிறேன்.