பெருமூச்சு ஜெபம்

எலியேசர் கண்விழித்தபோது கதவுக்கு வெளியே யாரோ "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று விசும்புவது கேட்டது. கன்னத்தில் பாய்க்கோடு. முழங்காலுக்குப் போட்ட தலையணை எப்போதோ தலைக்கு இடம் மாறியிருந்தது.

தாலுகா ஆபீஸில் ஓய்வுபெற்ற எலியேசர், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் முழுவதும் தினம் மத்தியானம் ஒரு மணி நேரம் அறையைச் சாத்திக்கொண்டு மௌன தியானம் செய்யப்போவதாகச் சபையில் எழுந்து நின்று அறிவித்திருந்தார். காரணம் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் ஏழு பேர், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஆளுக்கொன்றாகத் தியானித்துப் பேசுவார்கள். இத்தனை வருஷமாய் எலியேசருக்குக் கிடைத்தது, பேசுகிறவரின் உயரத்துக்கு மைக்கை ஏற்றி இறக்கும் ஊழியம்தான். முதல் வார்த்தையோ, வருஷந்தவறாமல் டிரில் மாஸ்டர் காலேப்புக்கு.

அதைப் பிடுங்கத்தான் இந்தத் தியானம். அது இரண்டு நிமிஷம் தாங்கியது. பிறகு கருவாட்டுக் குழம்பு தன் வேலையைக் காட்டிவிட்டது.

கதவைத் திறந்தார். மனைவி தேவசுந்தரியும் எதிர்வீட்டு பிரிஸில்லாவும் நின்றிருந்தார்கள்.

"சக்கரை கேக்க வந்தேண்ணா. உள்ளேர்ந்து வந்துதே ஒரு சத்தம்! அது மனுச சத்தமே இல்ல. ஆவியோட பெருமூச்சு!" என்றாள் பிரிஸில்லா.

எலியேசர் மறுக்கத்தான் வாயெடுத்தார். முதல் வார்த்தை கண்முன்னால் வந்து நின்றது.

"ஆங்," என்றார் அடக்கமாக. "எறங்கிச்சின்னா அப்பிடித்தாம்மா."

"நாளைக்கு நானும் வெளிய உக்காந்துகினு ஜெபிக்கட்டுமாண்ணா?"

மறுநாள் பிரிஸில்லா நாலு பேரைக் கூட்டிவந்தாள். அடுத்த வாரம் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஷேர் ஆட்டோ நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். கூடத்தில் இடமில்லாமல் மாடிப்படியிலெல்லாம் உட்கார்ந்தார்கள். ஒருத்தி சமையலறையில் காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தனை பேரும் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுத் தலைகவிழ்ந்தார்கள். எலியேசரின் பெருமூச்சில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சுவர்ப் பல்லிகள் குடும்பத்தோடு வீடு மாறின. ஊர் மலைக்கோயில் ஒலிபெருக்கியே ஒரு சுருதி இறங்கிப் பாடியதாகப் பிரிஸில்லா ஊரெல்லாம் சாட்சி சொன்னாள்.

சாட்சி போதகர் காதுக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்தே அறிவித்தார்: "இந்த வருஷம் முதல் வார்த்தை எலியேசர் ஐயாவுக்கு!"

காலேப்பின் மீசை அங்கேயே தொங்கிப்போனது.

அன்றைக்குத்தான் எலியேசருக்குப் பயம் பிடித்தது. இந்தப் பெண்களில் ஒருத்தி தன் புருஷன் தூங்கும்போது போடுகிற சத்தத்தை நினைத்துப் பார்த்தால் போதுமே, கதை கந்தலாகிவிடும்! இனி நிஜமாகவே தியானித்துவிடுவது என்று முடிவுகட்டினார். சொம்பு நிறையக் கடுங்காப்பி குடித்தார். கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தேய்த்தார். முழங்காலில் நின்று, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் மனமுருகி உண்மையாகவே ஜெபித்தார்.

கதவைத் திறந்தால் வெளியே ஒரே கலவரம்.

"இன்னாண்ணா, இன்னிக்கு ஒண்ணுமே வரல?"

"மௌனமா தியானம்..."

"இன்னா மௌனம்? ஆவியோட அபிஷேகமே பூடுச்சுண்ணா! இன்னா பாவம் செஞ்சீங்க, நெஞ்சுல கைய வெச்சி சொல்லுங்க!"

பிரிஸில்லா போய்ப் போதகரையே அழைத்துவந்தாள். அவர் எலியேசரின் வழுக்கையில் கைவைத்து, இழந்த பெருமூச்சைத் திரும்பக் கொடுக்கும்படி ஆண்டவரிடம் மன்றாடினார். புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அது திரும்புற வரைக்கும் முதல் வார்த்தை காலேப் ஐயாகிட்டயே இருக்கட்டுங்க," என்றார்.

மறுநாள் எலியேசர் தூங்கிவிடலாமென்று படுத்தார். கவலையில் தூக்கம் வருமா? விழித்துக்கொண்டே குறட்டை விட்டுப் பார்த்தார், இருமல்தான் வந்தது. கடைசியில் தன் ராத்திரிக் குறட்டையைப் போனில் பதிவுசெய்து, அடுத்த மத்தியானம் கதவோரம் வைத்து ஓட்டவிட்டார்.

வெளியே ஒரு முணுமுணுப்பும் இல்லை. பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பெருமூச்சு அறுந்து, போன் மணி அடித்தது. பதறி எதையோ அமுக்கினார். காலேப்பின் குரல் வீடு முழுக்க முழங்கியது.

"யோவ் எலியேசரு! ஜெப நேரத்துல போன எடுக்கிறியே, இதான் உன் தியானமா?"

அழைப்பைத் துண்டித்தார். குறட்டை விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடர்ந்தது.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. கதவைத் திறந்தார். அத்தனை முக்காடும் விலகி, சிவந்த கண்கள் அவரையே முறைத்தன.

"மன்னிச்சிடுங்கம்மா," என்று கைகூப்பினார். "ஆவியுமில்ல, பெருமூச்சுமில்ல. இத்தினி நாளும் நான் தூங்கிகினுதான் இருந்தேன். இப்ப கேட்டது போன்ல புடிச்ச கொறட்டை. முதல் வார்த்தை எனக்கு வேணாம். பாஸ்டர் ஐயாகிட்ட நானே போயி உண்மைய சொல்லிடறேன்."

"சொல்லுவீங்க, சொல்லுவீங்க!" பிரிஸில்லா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வாசலை மறித்தாள். "ஊட்ல மத்தியானம் கண்ண மூடினா மாமியா டீ கேக்கும், புருசன் சட்ட கேப்பான். ஜெபத்துக்குப் போறேன்னாதான் ஒருத்தரும் எழுப்ப மாட்டாங்க. மரியாதையா உள்ள போயி படுங்கண்ணா. உங்க கொறட்டை சத்தமா இருந்தாத்தான் எங்க கொறட்டை தெருவுக்குக் கேக்காம இருக்கும்!"